இதர குறிப்புகள்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்கு வானிலைக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மேலாளர் அறைக்குள் போக வேண்டியவர்கள், லீவு கேட்பவனோ திட்டு வாங்கப் போகிறவனோ, முதலில் அறைக்கு வெளியே இருந்த இவர் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "உள்ள வானிலை எப்படிண்ணே?" என்று கேட்பார்கள். அவரும் பேனாவைக் கீழே வைக்காமலே, "இப்ப இடி. சாப்பாட்டுக்கு அப்புறம் வா, தெளிஞ்சிரும்" என்பார். சொன்னால் சொன்னதுதான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இப்படி ஒரு திறமையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவோ நல்லது செய்திருக்கலாம். என்னத்தைச் செய்தார் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வேலை என்னவோ எழுத்தர் வேலைதான். கீழே எந்திரக் கூடத்தில் மேஸ்திரியிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கும். எந்த எந்திரம் மக்கர் பண்ணுகிறது, எந்த பெல்ட் தேய்ந்துவிட்டது, பசை எத்தனை டின் மிச்சம், யார் வரவில்லை எல்லாவற்றையும் மேஸ்திரி தன் கோழிக்கிறுக்கல் எழுத்தில் அதில் எழுதுவார். காலை எட்டரைக்கு நோட்டு மாடிக்கு வரும். வானிலைக்காரர் அதைப் படித்து, மேலாளருக்காக ஒரே ஒரு பக்கத்தில் 'காலை அறிக்கை' எழுதி, ஒன்பதரைக்கு உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். கூடத்தில் நூற்றுப்பத்துப் பேர் வேலை பார்த்தார்கள். அவர்கள் சொல்வது எதுவானாலும் அந்த ஒரு பக்கத்தின் வழியாகத்தான் மேலே போகும்.

முதலில் வாய்த்த மேலாளர் கத்துகிறவர். சும்மா கத்தல் இல்லை, அவர் கத்தினால் மேசைமேல் குண்டூசி டப்பா குதிக்கும். முதல் ஆறு மாதம் வானிலைக்காரர் ஒன்பதரை மணிக்கு அறிக்கையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார். "கெட்டதை முதல்ல சொல்லுய்யா! நல்லதை நானே தெரிஞ்சுக்கறேன்!" என்று ஒருநாள் அந்த மனிதர் அறிக்கையைத் தூக்கி எறிந்தபோதுதான் இவருக்குப் பிடி கிடைத்தது. மறுநாள் உள்ளே போனார். உட்காரவில்லை, வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மூணாம் நம்பர் நின்னுபோச்சு சார்." அவ்வளவுதான். அவர் பல்லைக் கடித்தார், யாரையோ தாறுமாறாகத் திட்டினார், போனை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் வந்து நின்றான். அந்தக் கத்தல்காரர் இருந்த ஒன்பது வருஷமும் கூடத்தில் ஒருவனுக்கும் நகக்கண்கூடப் பெயரவில்லை. ஆனால் அவர் மாற்றலாகிப் போனபோது வானிலைக்காரர் "விட்டது சனி" என்று வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக்கொடுத்தார்.

அடுத்தவர் அளவுகோல். எதையும் நம்ப மாட்டார். கட்டம் போட்டு, தேதி போட்டு, எண் போட்டுக் கொடுத்தால்தான் கண்ணில் படும். அவருக்கு வானிலைக்காரர் கட்டம் போட்டார். அதற்கடுத்து வந்தவர், உலகத்தில் எந்த யோசனையும் தன் தலையில்தான் உதிக்க வேண்டும் என்ற ஆசாமி. அவரிடம், "போன மாசம் நீங்க ஒண்ணு சொன்னீங்களே சார், பெல்ட்டை மாத்திட்டா நல்லதுன்னு" என்று ஆரம்பிக்க வேண்டும். அவர் ஜென்மத்தில் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் நாற்காலியில் சாய்ந்து, "ஆமாமா, நான் அப்பவே சொன்னேன்" என்பார். பெல்ட் மாறிவிடும்.

இதையெல்லாம் சாயங்காலம் வீட்டில் நடித்துக்காட்டுவார். அவருடைய மனைவி ஜன்னலோரம் தையல் எந்திரத்தில் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருப்பாள். வாய் நீளம் அவளுக்கு. கட்டிய நாளிலிருந்து அவரை 'யோவ்' என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கும் அது பிடிக்கும். "யோவ், நாலு பேருக்கு நாலு மூஞ்சி காட்டுறியே, வீட்டுக்கு வரும்போது சொந்த மூஞ்சியை மாட்டிக்கிட்டுத்தான் வர்றியா?" என்பாள். "உன் மூஞ்சியைப் பார்த்தா எந்த மூஞ்சியும் நிக்க மாட்டேங்குதே" என்பார் அவர். அவள் கையிலிருந்த துணி உருண்டையை அவர்மேல் எறிவாள். அந்த வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது. சண்டை என்றால் தெருவுக்கே கேட்கும். சிரிப்பும் அப்படித்தான்.

அவளுக்கு ஒரே தம்பி. ஒன்பது வயதில் தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்தவன். அக்காதான் வளர்த்தாள், கல்யாணமாகி வந்தபோது கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். வானிலைக்காரர்தான் அவனைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார். பதினான்கு வருஷமாக ஐந்தாம் நம்பரில், எல்லோரும் கத்தி மெஷின் என்று சொல்லும் எந்திரத்தில் நின்றான். அது பெரிய வாய் மாதிரி திறந்து மூடும். திறக்கும்போது வெட்டிய அட்டையை எடுத்துவிட்டு, புது அட்டையைக் கையால் உள்ளே வைக்க வேண்டும்; மூடும்போது உள்ளே இருக்கிற கத்திகள் அட்டையைப் பெட்டி வடிவத்தில் வெட்டும். வாயின் விளிம்பில் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை பட்டால் எந்திரம் அந்த நொடியே நிற்க வேண்டும். அந்தக் கம்பியை நம்பித்தான் அங்கே மனுஷன் கையை உள்ளே விடுகிறான்.

அவன் மனைவி காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போக வேண்டும். அதனால் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அவனே தலைசீவி, இரட்டைப் பின்னல் போட்டு, நாடா கட்டிப் பள்ளிக்கு அனுப்புவான். "மெஷின்ல நிக்கிற கையில இவ்வளவு நேர் வகிடா!" என்று அக்கா மூக்கில் விரல் வைப்பாள். "கம்பெனிக்கு வெட்டுறது, வீட்டுக்குப் பின்னுறது" என்பான் அவன்.

நான்காவதாக ஒரு மேலாளர் வந்தார். அங்கேதான் வந்தது வினை. தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றது? வந்த முதல் நாளே வானிலைக்காரரை "அண்ணே" என்று கூப்பிட்டார். எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார், தன் கையால் டீ ஊற்றிக்கொடுத்தார், "அண்ணி எப்படி இருக்காங்க, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தார். இருபது வருஷம் அந்த அறையில் நின்றே பழகிய மனிதருக்கு உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது. யாராக இருந்தாலும் கலங்கும், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தத் தங்கத்துக்குக் கெட்ட செய்தி ஆகாது. திட்ட மாட்டார், கோபப்பட மாட்டார். முகம் அப்படியே வாடிப்போகும், அவ்வளவுதான். "எனக்கு மனசே சரியில்லாமப் போச்சு அண்ணே" என்பார். சொன்னவனுக்கு ஏதோ பாவம் செய்துவிட்டதுபோல் இருக்கும். அதன் பிறகு சொன்னவன் பக்கம் அந்தச் சிரிப்பு திரும்பாது. வானிலைக்காரர் ஒரே வாரத்தில் நாடி பிடித்துவிட்டார். அறிக்கையின் உச்சியில் எத்தனை பெட்டி ஓடியது என்ற நல்ல எண்ணிக்கை, நடுவில் யாரையாவது பாராட்டி இரண்டு வரி, எல்லாவற்றுக்கும் கீழே 'இதர குறிப்புகள்' என்று ஒரு சின்னத் தலைப்பு. கெட்டதையெல்லாம் பூசி மெழுகி அங்கே வைத்துவிடுவார். அந்த மேலாளர் அவ்வளவு தூரம் கீழே படிக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும்.

கம்பி மக்கர் செய்ய ஆரம்பித்தது அவர் வந்த ஆறாவது வருஷம். நீல நோட்டில் மேஸ்திரி எழுதியிருந்தார்: 'அஞ்சாம் நம்பர் கம்பி சரியா நிக்கல. தொட்டாலும் ஓடுது. மெஷினை நிறுத்தணும்.' வானிலைக்காரர் அதைப் படித்தார். நிறுத்தினால் இரண்டு நாள் வேலை கெடும். பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, மேலாளர் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். இவர் இப்படி எழுதினார்: 'ஐந்தாம் எண் தடுப்புக் கம்பியின் இயக்கத்தில் சிறு தாமதம் காணப்படுகிறது. வசதிப்படும்போது கவனிக்கலாம்.' மூன்று வாரத்தில் மேஸ்திரி மூன்று தடவை எழுதினார். மூன்றாவது தடவை அடிக்கோடு போட்டு, 'ஆள் கை போயிரும்' என்று எழுதினார். மூன்று தடவையும் மாடியில் அது சிறு தாமதமாகவே இருந்தது.

மேஸ்திரி முன்கோபி. ஒருநாள் படியேறி வந்து, இவர் மேசையைக்கூடப் பார்க்காமல், நேரே மேலாளர் அறைக்குள் நுழைந்து போட்டு உடைத்துவிட்டார். மேலாளர் முகம் வாடியது. "கண்டிப்பா பார்க்கலாம் மேஸ்திரி, நீங்க கவலைப்படாதீங்க" என்று தோளில் தட்டி அனுப்பினார். எந்திரத்தைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை மேஸ்திரிக்கு மாலை போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ஊரின் மறுகோடியில் இருந்த சரக்குக் கிட்டங்கிக்குப் பொறுப்பாளர் என்று அனுப்பிவைத்தார்கள். மாலையை வாங்கி வந்தது வானிலைக்காரர்தான். புதிதாக வந்த மேஸ்திரி விவரமான ஆள், நோட்டில் பசை டின் கணக்கு மட்டும் எழுதினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் மகளோடு வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது கேட்டான். "மாமா, அந்தக் கம்பி விஷயம் மேல சொல்லிட்டீங்களா? நேத்து ரெண்டு தடவை நிக்கல."

"சொல்லிட்டேன்டா. பார்த்துக்கிட்டிருக்காங்க."

"நீங்க சொல்லிட்டீங்கன்னா சரி" என்று அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டான்.

மனைவி விடவில்லை. "யோவ், சொன்னியா, இல்ல உன் வழக்கப்படி மென்னு முழுங்கினியா? அவன் கையை விடுற இடம்யா அது."

"நாளைக்கு மறுபடியும் நேர்லயே சொல்றேன், போதுமா?" என்றார். அப்போது அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

மறுநாள் ஒன்பதரைக்கு மனதுக்குள் வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டே போனார். 'அஞ்சாம் நம்பரை இன்னைக்கே நிறுத்தணும் சார்.' ஐந்தே வார்த்தை. கத்தல்காரரிடம் இதைச் சொல்ல மூச்சுவிடும் நேரம்கூட ஆகாது. கதவைத் திறந்தால், தங்கமானவர் எழுந்தே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, பொண்ணு பரீட்சையில முதலா வந்துட்டா! முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்!" டீ ஊற்றினார். பெட்டியைத் திறந்து இனிப்பு எடுத்துக் கையில் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, "கூடத்துல ஏதாவது விசேஷம் உண்டா அண்ணே?" என்று கேட்டார். கேட்டாரே! வாய் திறந்து கேட்ட இடம் அது ஒன்றுதான். இவர் வாயில் இனிப்பு இருந்தது. அந்த முகம் வாடுவதைப் பார்க்க இவருக்கு மனசு வரவில்லை.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க" என்றார்.

வியாழக்கிழமை பதினொன்றேகால் மணிக்குக் கீழேயிருந்து சத்தம் வந்தது. அந்தக் கூடத்தில் எந்திரங்கள் ஓடுகிற ஓட்டத்தில் மனுஷன் சத்தம் மாடிக்குக் கேட்காது. அன்று கேட்டது. மைத்துனனின் வலது கையில் கட்டைவிரலைத் தவிர நான்கு விரல்களும் போயின. வானிலைக்காரர் படியிறங்கி ஓடியபோது அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் இவரைப் பார்த்தான். "சொல்லிட்டேன்னீங்களே மாமா" என்றான். அழவில்லை. புரியாமல் கேட்பதுபோல்தான் கேட்டான்.

ஐந்தாம் நம்பரை அன்று மதியமே நிறுத்தினார்கள். சனிக்கிழமை சரியாகிவிட்டது. இரண்டே நாள்.

அடுத்து விசாரணை. தொழிலாளர் துறை ஆய்வாளர் வருவதற்கு முன்தினம் மேலாளர் இவரை உள்ளே கூப்பிட்டு, தோளில் கைவைத்து, "எனக்கு ரெண்டு நாளா சாப்பாடே இறங்கல அண்ணே" என்று கண்ணைத் துடைத்தார். பொய் சொல் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பழியை அவர்மேல் போட முடியாது. நீல நோட்டு இவர் மேசை இழுப்பறையில் இருந்தது. இவரே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். 'சாட்சிகள் அதிகம் வேண்டாம்' என்று ஆய்வாளர் அலுவலகத்தில் போனில் சொல்லியிருந்தார்கள். பட்டியலைத் தட்டச்சு செய்ததும் இவர்தான். அதில் பழைய மேஸ்திரி பெயர் இல்லை.

மாடியில் நீள மேசை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஆய்வாளர், எதிரே மைத்துனன், கட்டுப் போட்ட கை மடியில். பின்னால் சுவரோரம் அவன் அக்கா. வானிலைக்காரர் உள்ளே நுழைந்ததும் என்ன செய்தார் தெரியுமா? ஆய்வாளர் முகத்தைப் பார்த்தார். பழக்கம், என்ன செய்வது! மைத்துனனைப் பார்க்கும் முன்பே ஆய்வாளரை எடைபோட்டு முடித்துவிட்டார். களைத்த ஆள், ஒரு கண் கடிகாரத்தில். நீட்டினால் எரிந்து விழுவார், சுருக்கமாகச் சொன்னால் சந்தோஷப்படுவார். கம்பி நிற்கவில்லை என்று மைத்துனன் ஏற்கெனவே சொல்லியிருந்தான்; அது எழுத்தில் இருக்கிறதா என்பதுதான் ஆய்வாளருக்கு வேண்டியிருந்தது.

"மெஷின்ல குறை இருக்குன்னு மேல தகவல் வந்துதா?"

"காலை அறிக்கையில இருக்குங்க. இதர குறிப்புகள்ல. சிறு தாமதம்னு."

ஆய்வாளர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "சிறு தாமதம். அப்ப பெருசா ஒண்ணும் இல்லை?"

சாவி இவர் பையில்தான் இருந்தது. கையை விட்டு எடுத்து மேசைமேல் வைக்க ஒரு வார்த்தைகூட வேண்டியதில்லை.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க."

"கீழேயிருந்து வேற பதிவு ஏதாவது?"

"இல்லைங்க."

ஆய்வாளர் நிம்மதியாக எழுதினார். எந்திரத்தில் குறிப்பிடத்தக்க குறை இல்லை, இயக்கியவரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதி முடித்து, பேனாவை மூடி, இவரைப் பார்த்துத் தலையசைத்தார். ஆக, ஐந்தாவது அதிகாரியோடும் இவர் நன்றாகவே ஒத்துப்போனார். மைத்துனன் மேசையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தான். பழக்க தோஷத்தில் வலது கையை ஊன்றிவிட்டு, வலி தாங்காமல் மறுபடி உட்கார்ந்தான். அவன் அக்கா வந்து தூக்கிவிட்டாள். தொழிற்சாலை அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று வீட்டில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நோட்டுல எழுதியிருந்துச்சா, இல்லையா?"

அவர் விளக்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது, சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும், மேஸ்திரிக்கு நடந்தது தெரியாதா, நம்ம வேலையும் போயிருந்தால் அவனை யார் பார்ப்பது என்று நீளமாகப் பேசினார். வழக்கமாக என்றால் பாதியிலேயே கத்தரிக்கோல் பறந்திருக்கும். அவள் கடைசிவரை கேட்டாள். தலையை ஆட்டினாள். "சரிங்க" என்றாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் 'சரிங்க' அதுதான். அவர் முதலில் கவனிக்கவில்லை. தப்பித்தோம் என்றுகூட நினைத்தார், பாவி.

அடுத்த மாதமே அவருக்கும் மாலை வந்தது. தங்கமானவருக்கு இவர் முகத்தைப் பார்த்தாலே அந்த வியாழக்கிழமை ஞாபகம் வந்ததாம், மனசு சரியில்லாமல் போனதாம். டீ, பிஸ்கட், கிட்டங்கி. தகரக் கூரைக்குக் கீழே பழைய மேஸ்திரி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாய்யா வானிலை" என்றார். "இங்க வெயில் மட்டும்தான். கணிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை." அதற்குப் பிறகு அவர் இவரோடு பேசவில்லை.

வீட்டில் சண்டையே இல்லாமல் போயிற்று. 'யோவ்' போய்விட்டது. கேட்கும் முன்பே டீ வந்தது. அவர் எது சொன்னாலும் "நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள். தையல் எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி வீட்டுக்குப் போய்வருகிறாள் என்று அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் தெரிந்தது. என்ன பேசிக்கொண்டார்கள், அவன் எப்படிப் பிழைக்கிறான், ஒன்றும் அவர் காதுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டுல இப்ப சத்தமே காணோமே, அமைதியா இருக்கீங்க" என்று மெச்சினாள்.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது மைத்துனன் மகளைத் தெருவில் பார்த்தார். பள்ளிப் பையோடு போய்க்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல் இல்லை. பிடரிவரை ஒட்ட வெட்டியிருந்தது. அவள் இவரைப் பார்த்ததும் எதிர் ஓரத்துக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தார். மனைவி டீயோடு வந்து, மேசையில் வைத்துவிட்டு, கதவுக்கு உள்ளே ஒரு அடி தள்ளி நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு மரியாதையோடு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கேயோ பார்த்த நிற்பாக இருந்தது. கத்தல்காரர் அறையில், அளவுகோல் அறையில், இருபது வருஷம் தான் நின்ற நிற்பு அது என்று அவருக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"பாப்பாவுக்கு ஏன் முடியை வெட்டிட்டாங்க?" என்று கேட்டார். "தம்பி எப்படி இருக்கான்? உண்மையைச் சொல்லு."

அவள் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். எதைச் சொன்னால் இந்த முகம் வாடும், எதைச் சொன்னால் வாடாது என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"நல்லா இருக்கான்ங்க" என்றாள். "பெருசா ஒண்ணும் இல்லைங்க."